ட்ரிக்கும் வேண்டாம், பதுங்கலும் வேண்டாம்

பசறை, ஹாலி-எல, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் செஸ் போட்டிக்குக் கிளம்பும்போது பெரியவங்க சொல்லி அனுப்புற புத்திமதி ஒன்னு இருக்கு: "லண்டன் சிஸ்டம் ஆடு. சிப்பாயைச் சும்மா குடுத்துறாத. ட்ரோ வந்தாலும் போதும்." அதே பிள்ளைகளின் போனில் இன்னொரு புத்திமதி ஓடுது: "இந்த ட்ரிக் தெரிஞ்சா எட்டே மூவில் மேட்!" ரெண்டையும் நாங்கள் எதிர்க்கிறோம். நம்ம பிள்ளைகளுக்குச் சொந்தமா யோசிக்க வராது என்று முடிவு கட்டிவிட்டுத்தான் ரெண்டும் சொல்லப்படுகின்றன.

முதலில் ட்ரிக். வீடியோக்களில் அமோகமாக ஓடும் சரக்கு எங்லுண்ட் கேம்பிட். வெள்ளை டி4 என்று அமைதியாகத் தொடங்கும். கருப்பு உடனே இ5 என்று சிப்பாயை நீட்டும். வெள்ளை அதை வெட்டிவிட்டு, குதிரையை எஃப்3-லும் பிஷப்பை எஃப்4-லும் வைத்து அந்தச் சிப்பாயைக் காப்பாற்றப் பார்க்கும். கருப்பு ராணி இ7 வழியாக பி4-க்கு வந்து செக் சொல்லும். பிஷப் டி2-க்குத் திரும்பி மறைத்ததும் பி2 சிப்பாயை வெட்டும். அங்கே வெள்ளை பதறிப்போய் பிஷப்பை சி3-ல் வைத்தால் மாட்டிக்கொண்டது. எட்டாவது மூவிலேயே சி1-ல் மேட் விழலாம்.

பிஷப்புக்குப் பதிலா குதிரையை சி3-க்குக் கொண்டு வந்தா? ட்ரிக் அவ்வளவுதான். கருப்பு ராணி எதிரி வீட்டுக்குள்ள தனியா அலையும். வெள்ளையின் காய்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து நிற்கும்.

போனில் ஒரு நாளைக்கு இருபது கேம் ஆடுறவனுக்கு இதில் நட்டமில்லை. ஆனா ராத்திரி பஸ் ஏறி கொழும்புக்குப் போய், வருஷத்துல ஒன்னு ரெண்டு போட்டி மட்டும் ஆடக் கிடைக்கிற பிள்ளைக்கு? கோச் வைத்துப் படித்த எதிராளிக்கு அந்த ஒரு குதிரை மூவ் தெரிந்திருந்தால், அம்மாவின் சம்பளத்தில் வாங்கின டிக்கெட்டும் சேர்ந்து போச்சு.

இனி பதுங்கல். லண்டன் சிஸ்டம் கெட்ட ஓபனிங் இல்லை. 2024 உலகச் சாம்பியன் போட்டியின் 6-வது ஆட்டத்தில் டிங் லிரெனே அதை ஆடினார். அதைச் சொல்லிக் கொடுக்கிற விதத்தோடுதான் எங்கள் சண்டை. எதிராளி என்ன ஆடினாலும் அதே மூவ்களை வரிசையாக வை, எதையும் கொடுக்காதே என்கிறார்கள். கொழுந்து கிலோ குறைஞ்சா அரைப்பேர் போடும் இடத்தில் வாழ்ந்த சனத்துக்கு ஒரு சிப்பாயை விடுவதும் நெஞ்சு பதறும் காரியம்தான். அந்தப் பயம் எங்களுக்குப் புரியுது. அதைத் தூக்கிப் பிள்ளையின் பலகையில் வைக்காதீங்க.

சென்னைப் பையன் குகேஷைப் பாருங்க. 2024 டிசம்பர் 8, சிங்கப்பூர், அதே போட்டியின் 11-வது ஆட்டம். ஸ்கோர் 5-5. குதிரையை எஃப்3-ல் வைத்து அமைதியாகத் தொடங்கியவர், மூன்றாவது மூவில் பி4 தள்ளி, அடுத்ததில் இ3 ஆடி, ஒரு சிப்பாயைக் கொடுக்கத் தயார் என்று காட்டினார். நாலாவது மூவுக்கே டிங் அரை மணி நேரத்துக்கு மேல் யோசித்தார். ஆனா 11-வது மூவுக்கு குகேஷும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். அதிர்ச்சி அத்தோடு தீர்ந்தது. அதுக்குப் பிறகு நடந்தது வெறும் செஸ். நேரம் சுருங்கிப்போன டிங் 28-வது மூவில் பெரிய பிழை விட்டார். 29-ல் ஆட்டம் முடிந்தது. கேம்பிட் குகேஷுக்கு வாங்கித் தந்தது எதிராளியின் நேரத்தை. வெற்றியை அவர்தான் ஆடி எடுக்க வேண்டியிருந்தது.

அதனால எந்த கேம்பிட்டுக்கும் ஒரே பரீட்சை: எதிராளிக்குச் சரியான பதில் தெரிஞ்சாலும் நமக்கு ஆட ஏதாவது மிச்சம் இருக்கா? எங்லுண்ட் இதில் ஃபெயில். புடாபெஸ்ட் பாஸ். வெள்ளை டி4, சி4 ஆட, கருப்பு குதிரையை எஃப்6-ல் வைத்துவிட்டு இ5 தள்ளும். கொடுத்த சிப்பாயைத் தேடி அந்தக் குதிரை ஜி4-க்குப் பாயும், பெரும்பாலும் மீட்டும்விடும். 1918-ல் பெர்லினில் விட்மார் இதை வைத்துத்தான் ரூபின்ஸ்டைனை வீழ்த்தினார். நூறு வருஷம் தாண்டி, பதில்கள் எல்லாம் புத்தகத்தில் ஏறின பிறகும் இன்னும் ஆடுறாங்க.

லண்டனுக்கு எதிராகவும் வழி இருக்கு. பிஷப் எஃப்4-க்குப் போனதும் பி2-க்குக் காவல் இல்லை. எங்லுண்ட் ட்ரிக் பிழைப்பு நடத்துவதும் இதே ஓட்டையை வைத்துத்தான். சிப்பாயைத் தானம் பண்ணாமலே சி5 தள்ளி, ராணியை பி6-ல் நிறுத்தி அதே இடத்தைக் குத்தலாம்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக் கொடுக்கிற அண்ணன்மாரே, அக்காமாரே: ஒரு கேம்பிட்டைக் காட்டும்போது பலகையைத் திருப்பி வையுங்க. அதை எப்படி உடைக்கிறதுன்னு பிள்ளையே முதலில் கண்டுபிடிக்கட்டும். உடைத்த பிறகும் அதை ஆட ஆசைப்பட்டா, தைரியமா ஆட விடுங்க. தோத்துட்டு வந்தா திட்டாம, மூவ் எழுதின தாளை வாங்கி ஒன்னா உட்கார்ந்து பாருங்க. "ட்ரோ போதும்"னு மட்டும் சொல்லி பஸ் ஏத்தாதீங்க.