ஒன்பதாம் இலக்கப் பாதையும் எங்கட சனமும்

சுவிசில் முப்பது வருடங்களாக வாழும் எம்மவர் ஒருவரிடம் இந்த நாட்டின் ஏரிகளைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். கனடாவிலிருந்து மச்சான் குடும்பம் வந்தபோது காரில் ஏற்றிக்கொண்டு இன்ரர்லாக்கனுக்குப் போனதையும், வாங்கில் இருந்து புட்டும் கோழிக்கறியும் சாப்பிட்டதையும், நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பியதையும் சொல்வார். அதற்கு மேல் கேட்டால், 'எங்களுக்கு எங்கை நேரம்?' என்பார். இந்த 'எங்கை நேரம்' என்ற பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ள நான் தயாராக இல்லை.

1998ஆம் ஆண்டு இந்த நாட்டில் ஒன்பது தேசிய சைக்கிள் பாதைகள் திறக்கப்பட்டன. சிவப்புப் பலகைகளில் அவற்றின் இலக்கங்கள் இருக்கும். தினமும் வேலைக்குப் போகும் வழியில் நாம் அவற்றைத் தாண்டித்தான் போகிறோம். ஒன்பதாம் இலக்கத்துக்கு ஏரிப்பாதை என்று பெயர். ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள மொந்த்றோவில் தொடங்கி, நாட்டின் குறுக்கே ஏறத்தாழ 500 கிலோமீற்றர் ஓடி, பொடன் ஏரிக்கரையில் றோர்ஷாக்கில் முடிகிறது. ஸ்பீற்ஸ், இன்ரர்லாக்கன், லுற்சேர்ன், சூக் எல்லாம் இதன் வழியில் வரும் ஊர்கள்தான். பிறியென்ஸ் ஏரியை விட்டதும் 1008 மீற்றர் உயரமான புறூனிக் கணவாய்க்கு ஏறவேண்டும். ஏறி இறங்கினால் லுங்கேர்ன் ஏரி. 1836இல் அந்த ஊர்ச் சனம் மலையைக் குடைந்து, ஏரித் தண்ணீரை வடியவிட்டு, விவசாயத்துக்கு நிலம் எடுத்தது. பின்னர் மின்சாரத்துக்காக அதே ஏரியில் மறுபடி தண்ணீர் தேக்கப்பட்டது. இயற்கையின் கொடை என்று நாம் வாய் பிளந்து பார்க்கும் பல இடங்கள் கைகள் வேலை செய்த இடங்கள். வேலை செய்யும் கைகளுக்கு அங்கே என்ன அந்நியம்?

இது வெள்ளைக்காரனின் பொழுதுபோக்கு, எங்களுக்கு எதற்கு என்பவர்களுக்கு ஒரு விடயம். பாதை பொதுப்பணத்தில் போடப்பட்டது. எங்களில் பலரின் சம்பளத்தில் வரியைக் கழித்துவிட்டுத்தான் மிச்சம் கையில் கிடைக்கிறது. அந்தப் பணமும் இந்தத் தாரில் கலந்திருக்கிறது. 2018 செப்ரெம்பர் 23இல் நடந்த வாக்கெடுப்பில் 73.6 வீதமானவர்கள் சைக்கிள் பாதைகளை அரசியல் சட்டத்துக்குள் கொண்டுவர ஆதரவளித்தார்கள். அதற்கான சட்டம் 2023 தொடக்கம் நடைமுறையில் உள்ளது. 2027 முடிவதற்குள் மாநிலங்கள் பாதைகளைத் திட்டமிடவேண்டும், 2042க்குள் போட்டு முடிக்கவேண்டும். பிரஜாவுரிமை இல்லாத எங்களுக்கு வாக்கு இல்லை. ஆனால் பாதையில் ஏறுபவனிடம் எவரும் வாக்காளர் அட்டை கேட்பதில்லை.

கேட்காமல் விடுவது எவ்வளவு பெரிய விடயம் என்பது எங்களுக்குத் தெரியாததா? ஊரில் ஒரு பக்கத்தை விட்டு வெளியேற ஒருவரின் பாஸ், மறுபக்கத்தில் தங்க இன்னொருவரின் பாஸ் என்று திரிந்த சனம் நாம். பக்கத்து நாடான ஜேர்மனியில் 1982 முதல் எமது ஆட்கள், அகதி விண்ணப்பம் முடியும்வரை தமக்குக் குறிக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதி எடுக்கவேண்டியிருந்தது. 2015இல்தான் அந்தக் கட்டுப்பாடு முதல் மூன்று மாதங்களுக்கு என்று பெரும்பாலும் சுருங்கியது. இங்கே எஃப் அனுமதி வைத்திருப்பவர் பொடன் ஏரியைக் கடந்து அக்கரைக்குப் போக இன்றும் நினைத்தபடி முடியாது. ஆனால் மொந்த்றோவிலிருந்து றோர்ஷாக் வரை அவரைத் தடுக்க எந்தக் கடதாசியும் இல்லை. இவ்வளவு தூரம் திறந்து கிடக்கும் வழியை விட்டுவிட்டு, வீடு, ஸ்ரேசன், றெஸ்ரோறன்ற், கோயில், ஹோல் என்ற ஐந்து புள்ளிகளுக்குள் நாங்களே எங்களுக்கு ஒரு முகாம் அடித்து வைத்திருக்கிறோம்.

நேரத்துக்கு வருவோம். நான் கோப்பை கழுவத் தொடங்கி, இப்போது சலாட் வெட்டும் இடத்துக்கு 'உயர்ந்திருக்கும்' ஒரு றெஸ்ரோறன்ற் தொழிலாளி. மத்தியானம் இரண்டு மணிக்கு அனுப்பிவிட்டு ஐந்து மணிக்கு மறுபடி கூப்பிடும் அந்தச் சம்பளமில்லாத மூன்று மணித்தியாலம் என்னவென்று எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய்வரவும் போதாது, குந்தியிருக்கவும் ஏலாது. ஆனாலும் இந்தத் தொழிலுக்கான கூட்டு ஒப்பந்தம் வழமையான இடங்களில் கிழமைக்கு 42 மணித்தியாலம், இரண்டு நாள் ஓய்வு, வருடத்துக்கு ஐந்து கிழமை விடுமுறை என்று எழுதி வைத்திருக்கிறது. தொழிற்சங்கங்கள் மேசையில் இருந்து பேசி வாங்கியவை இவை. நாங்களோ இரண்டு நாள் ஓய்வில் இன்னொரு முதலாளியிடம் துப்பரவு வேலைக்குப் போகிறோம்.

ஏஜென்சிக் கடனையும் ஊரிலிருக்கும் தங்கையின் சீதனத்தையும் சுமப்பவனை நான் நோகமாட்டேன். அவனுக்கு உண்மையிலேயே நேரமில்லை. கடன் முடிந்த பிறகும் ஓடுகிறவர்களைத்தான் கேட்கிறேன். லீசிங்கில் எடுத்த கறுப்புக் காருக்காகவும், முந்நூறு பேரைக் கூப்பிட்டுச் செய்யும் சாமத்தியவீட்டுக்காகவும், சீட்டுக்காசுக்காகவும் சங்கம் வாங்கித்தந்த ஓய்வை விற்கிறோம். முதலாளி பறித்தால் சுரண்டல் என்று எழுதுகிறோம். நாங்களே விற்றால் அதற்கு 'முன்னேற்றம்' என்று பெயர்.

மூன்று கோடைகளில், விடுமுறையைத் துண்டு துண்டாக எடுத்து, இந்தப் பாதையில் அரைவாசிக்கு மேல் ஓடியிருக்கிறேன். பழைய சைக்கிள் சந்தையில் வாங்கிய வெலோ, கரியரில் ஒரு பை, அதற்குள் பாணும் சம்பலும். ஏரிக்கரை றெஸ்ரோறன்ற்கள் பலவற்றின் பின்கதவடியில், கவிழ்த்துப்போட்ட பெட்டியில் இருந்து சிகரெட் பிடிக்கும் எங்கட முகங்களைக் கண்டேன். முன்பக்கத்துக் கதிரைகளில் இருந்து ஏரியைப் பார்ப்பவர்களுக்கு அவர்கள்தான் சமைத்துக் கொடுக்கிறார்கள். 'தம்பி, காருக்கு என்ன நடந்தது?' என்று ஒருவர் உண்மையான அனுதாபத்தோடு கேட்டார். சைக்கிளில் வருபவன் எதையோ இழந்தவனாகத்தான் இருக்கவேண்டும்!

எப்போது வந்தது இந்த வெட்கம்? யாழ்ப்பாணம் சைக்கிளில் நின்ற ஊர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாதபோது, விறகும் வெங்காயமும் நோயாளியும் சைக்கிளில்தான் போயின. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவில் என் வயதுப் பிள்ளைகள் பலர் சைக்கிள் பாரில் குந்தியிருந்தார்கள். 2009இல் வன்னிச் சனம் மிச்சமிருந்த சாமான்களைக் கட்டிக் கடைசிவரை உருட்டியதும் அதைத்தான். உயிரைக் காத்த வாகனத்தை ஏழ்மையின் அடையாளம் என்று இங்கே வந்து ஒளிக்கிறோம். இங்கே டொக்டரும் நீதவானும் வெலோவில் வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்குக் குறையாத மதிப்பு எங்களுக்கு மட்டும் எப்படிக் குறையும்?

இதில் பெரிய நட்டம் பெண்களுக்கு. செல் விழுந்த காலத்திலும் ரியூட்டறிக்கும் கம்பசுக்கும் சைக்கிள் மிதித்துப் போனவர்கள் எங்கள் அக்காமார். அதே அக்கா இங்கே வந்து இருபது வருடமாக ஒரு பெடலையும் மிதிக்கவில்லை. 'ஆக்கள் என்ன சொல்லுவினம்' என்று வீட்டில் சொல்லப்படுகிறது. குண்டுக்குப் பயப்படாதவளை ஹோலில் கூடும் நாலு பேரின் வாய்க்குப் பயப்பட வைத்தது இந்த நாடல்ல, நாங்கள்.

முற்போக்கு நண்பர்கள் சிலர் இதை மத்தியதர வர்க்கத்தின் சொகுசு என்று சொல்லக்கூடும். பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டு வந்தாலும் இந்த வாதத்துக்குப் பதில் சொல்லும் அளவுக்குப் படித்திருக்கிறேன். எட்டு மணித்தியால வேலை கேட்டுப் போராடிய தொழிலாளர் மிச்ச நேரத்தை இன்னொரு வேலைக்காகக் கேட்கவில்லை. மலையையும் தண்ணீரையும் பணக்காரனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுச் சமையலறையை மட்டும் எமக்கு வைத்துக்கொள்வது எந்தப் புரட்சி?

ஊரை இழந்தோம் என்று முப்பது வருடமாக எழுதுகிறோம். அது உண்மை. ஆனால் வந்து சேர்ந்த நாட்டையும் காணாமல் செத்துப்போனால், அந்த இரண்டாவது இழப்புக்கு எந்த இராணுவத்தின் மேலும் பழிபோட முடியாது.