பேயா? இருதயக் கட்டியா?

எழுந்து நின்றால் மயங்கி விழுகிறாள், கிடத்தினால் தெளிகிறாள், மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல், இளைப்பு, மூட்டுவலி. இப்படி ஒரு பெண் வீட்டிலிருந்தால் நமது தூத்துக்குடிக் கரையோரத்தில் முதலில் தேடப்படுபவர் கோடாங்கியா, ஜெபக்காரரா, வைத்தியரா என்பதைத் தோழர்கள் மனமறியச் சொல்லட்டும்.

இக்குறிகளையெல்லாம் உண்டாக்கக்கூடிய வியாதி ஒன்று உண்டு. மிக்ஸோமா என்பது அதன் பெயர். பெரும்பாலும் இருதயத்தின் இடது மேலறையில், நடுச்சுவரிலிருந்து காம்பு விட்டுத் தொங்கும் கொழகொழத்த கட்டி. புற்றுநோயல்ல. அபூர்வமானதுதான், ஆனால் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். நிமிர்ந்தால் கட்டி சரிந்து வால்வின் வாயை அடைக்கிறது. இரத்தம் தடைப்பட்டு மயக்கம் வருகிறது. படுத்தால் கட்டி விலகிவிடுகிறது. பேயின் இரகசியம் இவ்வளவுதான்! கோடாங்கி அவளைக் கிடத்தி வேப்பிலை அடிக்கிறான். தெளிந்தது கிடத்தியதால், தட்சணையோ வேப்பிலைக்கு!

இந்தப் புரட்டு நமது கடற்கரைக்குப் புதிதல்ல. முத்துக்குளிப்புக் காலத்தில் சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லிக் கடல்கட்டி என்பவன் மந்திரம் முணுமுணுத்து, மூச்சடக்கி மூழ்கியவன் எடுத்த சிப்பியில் பங்கு வாங்கினான். அத்தனை படகுகளின் இரைச்சலுக்கே சுறா ஒதுங்கிவிடும். கூலி மட்டும் மந்திரத்துக்கு. 1961-ல் நடந்ததே இங்கு கடைசி முத்துக்குளிப்பு. கடல்கட்டிக்குக் கடலில் வேலை போயிற்று. வித்தை மட்டும் கரையேறிவிட்டது போலும்!

வைத்தியர்களும் ஏமாறுவதுண்டு. வாதக்காய்ச்சலால் வால்வு சுருங்கிவிட்டதென்று இந்நோயைத் தவறாக எண்ணியவர்கள் பலர். ஆனால் அவர்கள் மறுபடியும் சோதித்துப் பார்த்தார்கள். ஸ்வீடன் தேசத்தில் மால்மோ கப்பல் பட்டறையில், இரும்பில் விரிசல் கண்டுபிடிக்கும் ஒலிக்கருவியை ஹெர்ட்ஸ் என்ற பௌதிக நிபுணர் தமது நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார். 1953-ல் எட்லர் என்னும் வைத்தியரோடு சேர்ந்து இருதயத்தின் அசைவைப் பதிவு செய்தார். அதுவே இன்றைய எக்கோ. துறைமுகத்தில் பாடுபடும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: கப்பல் பட்டறைக் கருவி மனித உயிரைக் காக்க வந்தது. 1954-ல் அதே தேசத்தில் ஸ்டாக்ஹோம் நகரில் கிராஃபோர்டு என்ற டாக்டர் இருதயத்தைத் திறந்து இக்கட்டியை அகற்றி ஒரு பெண்ணைப் பிழைக்க வைத்தார். கிடாய் வெட்டவில்லை, நேர்ச்சையும் இல்லை.

“சாதுவான கட்டிதானே, மூன்று அமாவாசை பார்ப்போம்” என்பவர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். அதில் ஒரு துணுக்குப் பிய்ந்து மூளைக்குப் போனால் கையும் காலும் ஒரு பக்கமாக விழுந்துவிடும். உயிரே போகவும் கூடும். வேளையோடு அறுத்தெடுத்தாலோ பெரும்பாலோர் சுகமடைகிறார்கள். தூத்துக்குடியில் 2000-ம் வருஷம் முதல் அரசாங்க மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெண்ணை அங்கே அழைத்துப் போய் நெஞ்சைச் சோதிக்கச் சொல்லுங்கள். பேய் இருந்தால் அதுவும் படத்தில் விழட்டும்!