டப்பாவில் இல்லாத பிராணி

"என்னங்க, பாத்ரூம்ல பல்லி கில்லி செத்துக் கிடக்கா, பாருங்க" என்றார் என் மனைவி. தேடினேன். வாளிக்கு அடியில் இல்லை, ஜன்னல் இடுக்கிலும் இல்லை. நாற்றம் வந்தது முந்தின நாள் வாங்கிய சவர பிரஷ்ஷிலிருந்து. கடையில் காய்ந்து கிடந்தபோது சாதுவாக இருந்த சாமான், தண்ணீர் பட்டதும் மழையில் நனைந்த ஆட்டுக்கிடையாக மாறியிருந்தது.

முப்பத்தொரு வருஷம் ராமநாதபுரத்தில் வேதியியல் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, அமுக்கினால் நுரை கக்கும் டப்பாவை விட்டுவிட்டு, பழையபடி ஷேவிங் ரவுண்டுக்கும் பிரஷ்ஷுக்கும் திரும்பினேன். நைலான் வேண்டாம், நிஜ முடியே இருக்கட்டும் என்று ஆசை. ஒன்று நானூறு ரூபாய். இரண்டு வாங்கினேன், மற்றது எதிர்வீட்டு பாய்க்கு. அவர் தாடியை ஒதுக்கிக் கன்னத்தை மட்டும் மழிப்பவர். பிளேடு, கிண்ணம், படிகாரம் என்று எல்லாம் முறையாக வைத்திருப்பார்.

வேதியியல் வாத்தியார் செய்த முதல் வைத்தியத்தை என் மாணவர்கள் யாரும் படிக்காமல் இருந்தால் நல்லது. பிரஷ்ஷைக் கிருமிநாசினியில் முக்கினேன். ஆட்டுக்கிடைக்குள் ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தது. மனைவி பங்குக்கு சாம்பிராணி காட்டினார். நம் வீடுகளில் வாடை என்றாலே மேலே இன்னொரு வாசனையைப் பூசுவதுதானே பழக்கம்!

பிறகுதான் புத்தி வந்தது. புது பிரஷ்ஷின் வாடை அழுகல் இல்லை. முடியில் ஒட்டியிருக்கும் கொழுப்பும் பதப்படுத்தியபோது தங்கிய மிச்சமும், முடி தண்ணீரைக் குடித்து உப்பும்போது கிளம்புகின்றன. கொழுப்புக்கு மருந்து சோப்புதான். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, உள்ளங்கையில் வட்டமாகத் தேய்த்து, அடிக்குடுமி வரை விரலால் பிசைந்து அலசினேன். முதல் தண்ணீர் வடித்த கஞ்சி மாதிரி கலங்கி வந்தது. அடுத்து ஷேவிங் சோப்பில் கெட்டியாக நுரை கட்டி, அலசாமல் அப்படியே ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் அலசி, உதறி, மின்விசிறிக் காற்றில் காயவைத்தேன். மூன்றாம் நாள் வாடை பாதி. ஆறாம் நாள் மூக்கில் ஒட்டிப் பார்த்தால்தான் தெரிந்தது. கொதிதண்ணீர் மட்டும் ஆகாது. முடியும் கெடும், வேரைப் பிடித்திருக்கும் பசையும் விட்டுப்போகும்.

ஐப்பசி மழையில் வேறொரு நாற்றம் வந்தது. இது புழுக்க நாற்றம், என் தப்பு. ஈர பிரஷ்ஷை அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினநீர் வேறு. அதிலுள்ள கால்சியமும் சோப்பும் சேர்ந்தால் நுரைக்குப் பதில் வெள்ளைப் பிசுக்குதான் வரும். அந்தப் பிசுக்கு அடிக்குடுமியில் அடைந்து ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள, பூஞ்சைக்கு அதைவிட வசதியான வீடு வேண்டுமா? ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வினிகர் விட்டு ஐந்து நிமிஷம் ஊறவைத்தேன், பிசுக்கு இளகியது. இப்போது பிரஷ் ஜன்னலோரம் தலைகீழாகத் தொங்குகிறது.

ஆக, நாற்றத்துக்கு வழி உண்டு. எனக்குக் கோபம் வேறு இடத்தில்.

கழுவும்போது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முடியும் விறைப்பாக வந்து, நுனியில் இரண்டாகவும் மூன்றாகவும் பிளந்திருந்தது. அது பன்றி முடியின் அடையாளம். சோப்புக் கையோடு எதிர்வீட்டுக்கு ஓடினேன். நல்லவேளை, பாய் இன்னும் நனைக்கவில்லை. டப்பாவை எடுத்துக் கொடுத்தார். நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தோம். 'நேச்சுரல் பிரிசில்' என்று பொன்னெழுத்து. வேறு விவரம் இல்லை. பாய் சிரித்துவிட்டார். "இயற்கைன்னா மாடும் இயற்கைதான், பன்னியும் இயற்கைதான் சார்." அவர் சிரித்தார், எனக்குத்தான் முகம் செத்துப்போனது.

பிஸ்கட் பொட்டலத்தில் பச்சைப் புள்ளியா பழுப்பு முக்கோணமா என்று பார்த்து வாங்குகிற நாடு இது. தினமும் காலையில் உதட்டோரம் வரை தேய்க்கிற சாமானில் பிராணியின் பெயர் போட ஏன் தயக்கம்? மலேசியாவில் பன்றி, நாய் இவற்றின் உடற்பாகத்தில் செய்த பொருள் என்றால் அதைச் சொல்லியே விற்க வேண்டும் என்று 2013-லேயே ஆணை போட்டார்கள். 2017 பிப்ரவரியில் அப்படிச் சொல்லாத பெயின்ட் பிரஷ்களைக் கடை கடையாகப் போய்ப் பறிமுதல் செய்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேல்.

மதம், சைவம் என்று மட்டும் இதைச் சுருக்க வேண்டாம். முதல் உலகப் போர்க் காலத்தில், வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற பிராணியின் முடி கிடைப்பது அரிதானபோது, குதிரை மயிரை அதுபோலச் சோடித்து சவர பிரஷ் செய்து விற்றார்கள். சரியாகக் கிருமி நீக்காத அந்த மயிரில் அடைப்பான் நோய், அதாவது ஆந்த்ராக்ஸ், ஒட்டி வந்தது. பிரிட்டிஷ், அமெரிக்கச் சிப்பாய்களுக்கு முகத்திலும் கழுத்திலும் புண், செத்தவர்களும் உண்டு. 1920-ல் ஜப்பானிலிருந்து வந்த சவர பிரஷ்களுக்கு பிரிட்டன் தடையே போட்டது. இன்றைய பிரஷ்ஷைப் பார்த்து யாரும் மிரள வேண்டாம். ஆனால் எந்த முடி, எங்கிருந்து வந்தது, எப்படிச் சுத்தம் செய்தது என்று வாங்குகிறவன் கேட்டால் அது வீம்பு இல்லை. டப்பாவில் இரண்டு வரி போதும். பொன்னெழுத்தில்கூட வேண்டாம்.

கடைக்காரரிடம் கேட்டேன். "ஒரிஜினல் முடி சார்" என்றார். யாருடைய ஒரிஜினல் என்றேன். அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார்.

பாய்க்கு ஒரு நைலான் பிரஷ் வாங்கிக் கொடுத்தேன், நூற்றிருபது ரூபாய். முதல் நாளே வாடை இல்லை என்று என்னைச் சீண்டுகிறார். அவர் திருப்பித் தந்ததை என் மனைவி தையல் மெஷின் இடுக்கைத் துடைக்க எடுத்துக்கொண்டார். அது தண்ணீரே காணாதது. அதனால் இன்றுவரை அந்த மேஜைப் பக்கம் ஒரு வாடையும் இல்லை.