கொட்டாரத்துக் கணக்கு

பழைய வங்கிக் கட்டடம் என்றதும் சென்னைவாசிகள் ராஜாஜி சாலையில் இருக்கும் ஸ்டேட் வங்கியின் சிவப்பு மாளிகையைச் சொல்வார்கள். மெட்ராஸ் வங்கிக்காக 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த கட்டடம் அது. 2014இல் தீப்பிடித்தபோது ஊரே பதறியது. திருச்சியில் அப்படி எது உண்டு என்று கேட்டால், என் விரல் ஸ்ரீரங்கம் கோயிலுக்குள்தான் நீளும். செங்கமலவல்லித் தாயார் சந்நிதிப் பக்கம் உருண்டு திரண்டு நிற்கும் நெற்களஞ்சியங்கள். கோயில் வழக்கில் அந்த இடத்துக்குக் கொட்டாரம் என்று பெயர். தாயாரைத் தானியலட்சுமி என்று கும்பிடுவதும் பொருத்தம்தான்.

நம் கோயில்கள் வட்டிக்குக் கொடுத்து வாங்கியவை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் ஊர்ச் சபைகள் கடன் பெற்ற கணக்கு வரிவரியாக இருக்கிறது. ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. முதலைத் தொடாமல் வட்டியில் பூசையும் விளக்கும் நடக்க வேண்டும். ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள் விட்டால், மேய்ப்பவர் நாளுக்கு ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் குட்டியை வைத்து எண்ணிக்கையைக் காக்க வேண்டும். ஸ்ரீரங்கத்திலும் முதலாம் பராந்தகன் காலம் தொட்டு விளக்குக்குப் பொன் வைத்த கல்வெட்டுகள் இருக்கின்றன. காவிரிக் கரை வயல்களின் நெல்லும் இந்தக் கணக்கில் ஒரு நாணயம்தான். அது வந்து சேர்ந்த பெட்டகம் இந்தக் கொட்டாரம்.

கட்டியவர்களின் அறிவை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது. சுவர் வட்டமாக இருந்தால் நெல்லின் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவும். மூலை கிடையாது, அதனால் விரிசலுக்கும் ஈரத்துக்கும் ஒதுங்க இடம் குறைவு. மேலே கொட்டி, கீழே திறந்து எடுத்துக்கொள்ளலாம். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லைத் தின்றுவிடும்.

2015 குடமுழுக்குக்கு முன் நடந்த திருப்பணியில் இந்தக் களஞ்சியங்களும் சீராயின. பின்னாளில் ஒட்டவைத்தவற்றை அகற்றி, ஆயிரங்கால் மண்டபத்தின் அடித்தளத்தை மூடியிருந்த மண்ணைத் தோண்டியெடுத்து, மழைநீர் வடியும் பழைய வழிகளைத் திறந்துவிட்ட வேலை அது. 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கோயிலுக்குக் கிடைத்தது. ஊருக்குப் பெருமைதான்.

ஆனாலும் எனக்கு ஒரு குறை. 1987இல் நிறைவடைந்த 236 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறவர்களில் பலர், கொட்டாரத்தைத் தண்ணீர்த் தொட்டியென்று எண்ணிக் கடந்துபோகிறார்கள். சுவரைக் காப்பாற்றியாயிற்று, உள்ளே நடந்த வரவு செலவை யாரும் சொல்வதில்லை. களஞ்சியம் ஒன்றின் வாயிலையாவது திறந்து வைக்கலாம். மரக்கால், பதக்கு, கலம் என்று அளவைகளை அங்கே அடுக்கி, எந்த ஊர் நெல் எந்தப் பூசைக்கு வந்தது, அதில் யார் யாருக்கு எத்தனை படி போனது என்பதைக் கல்வெட்டிலிருந்து எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதலாம். அதற்கான கல்வெட்டுகள் அதே மதில்களுக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. படியெடுத்து அச்சிட்டும் ஆயிற்று.