செவிமடலின் அளவும் ஒலியின் திசையும்

தலையையும் காதுகளையும் கேமராவால் அளந்துவிட்டால், ஹெட்போனில் கேட்கும் ஒலி நேரில் கேட்பதுபோல் உரிய திசையில் நின்று ஒலிக்கும் என்ற நம்பிக்கை, 2022-இல் ஐஓஎஸ் 16 வழியாக ஐபோனில் அத்தகைய வசதி வந்தபின் வலுப்பெற்றுள்ளது. அளவீட்டின் பயனை மறுப்பதற்கில்லை. அது மட்டுமே போதும் என்பதுதான் பிழை.

முதலாவதாக, இடம் வலம் அறிவதற்குச் செவிமடலின் நுண்வடிவம் பெரிதும் தேவையில்லை. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதை முந்தியும் மற்றதைப் பிந்தியும் அடைகிறது. இவ்வேறுபாடு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவே எனினும், இரு காதுகளிலும் ஒலியின் வலிமை வேறுபடுவதோடு சேர்ந்து அது திசையை உணர்த்துகிறது என்று ராலே பிரபு 1907-இலேயே விளக்கினார். செவிமடலின் மடிப்புகள் உதவுவது மேல் கீழையும் முன் பின்னையும் பிரித்தறிவதற்கே: உயர் அதிர்வெண்களுள் சிலவற்றை நலிவித்தும் சிலவற்றை வலுப்படுத்தியும், திசைக்கேற்ற தடத்தை அவை ஒலியில் பதிக்கின்றன. தலையும் செவிமடலும் உடலும் இவ்வாறு ஒலியை மாற்றும் முறையைக் கணிதமாக்கினால் கிடைப்பதே தலைசார் பரிமாற்றச் சார்பு.

கேமரா தடுமாறுவதும் இங்கேதான். 8000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டரே ஆதலால், காதுக்குழியின் மறைவான மடிப்புகளைச் சில மில்லிமீட்டர் பிழையாக அளந்தாலும் அத்தடம் இடம்பெயர்ந்துவிடும்.

பிறர் காதின் அளவுகளைக்கொண்டு கேட்போர் முன்னையும் பின்னையும் மிகுதியாக மயங்குகின்றனர் என்பது மெய்யே. ஆனால் அக்குறை நிலையானதன்று. 1998-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், காதுகளுக்குள் அச்சுகள் பொருத்தப்பட்டவர்கள் ஒலியின் உயரத்தை அறியும் திறனை உடனே இழந்து, சில வாரங்களில் மீளப் பெற்றனர். அச்சுகளை அகற்றியபோது பழைய காதுகளாலும் தடையின்றித் திசையறிந்தனர். மூளை புதிய காதைக் கற்கிறது, பழையதை மறப்பதுமில்லை என்னும் இவ்வியப்புக்குரிய உண்மையை அளவீட்டை மட்டும் நம்புவோர் கணக்கில் கொள்வதேயில்லை.

இன்னும் முதன்மையானது தலையசைவு. பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலின் ஆடித் திருவிழா நெரிசலில் பம்பை ஒலிப்பது முன்னா பின்னா என்ற ஐயம், தலையைச் சற்றே திருப்பியதும் தீர்ந்துவிடுகிறது. ஒலி முன்னிருந்தால் ஒரு காது முந்தும், பின்னிருந்தால் மற்றது முந்தும். வாலாக் என்னும் உளவியலாளர் 1940-இல் இதைச் சோதனையால் நிறுவினார். தலையோடு சேர்ந்து ஒலிக்களமும் சுழலும் ஹெட்போனில், எத்துணை நுட்பமாகக் காதை அளந்திருந்தாலும், இவ்வுதவி கிடைக்காது. எனவே இத்தகைய கருவியை வாங்குவோர், காதைப் படமெடுக்குமா என்பதற்கு முன், தலையசைவைத் தொடர்ந்து கணிக்கும் உணரி உள்ளதா என்று கேட்க வேண்டும்.