பால் ஊறும், பக்கத்தில் ஆள் வேண்டும்

"ஆபரேஷன் பண்ணிப் பெத்தவளுக்குப் பால் ஊறாது." பிரசவ வார்டில் செவிலியராக வேலை பார்த்த காலம் முழுக்க இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். மாமியார் சொல்வார், பார்க்க வந்த சித்தி சொல்வார், சில நேரம் ஆஸ்பத்திரி ஆட்களே சொல்வார்கள். சொல்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் கையில் டிரிப்ஸ், அடிவயிற்றில் தையல், இருமினால் உயிர் போகிற வலி என்று கிடக்கிற பெண் அதையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு கிடக்கிறாள்.

நஞ்சுக்கொடி வெளியேறியதும் உடம்பில் ஏற்படும் மாற்றத்தால்தான் பால் ஊறத் தொடங்குகிறது. வயிற்றைக் கீறி எடுத்தாலும் நஞ்சு வெளியேறத்தானே செய்கிறது? சிசேரியனில் பால் நன்றாக இறங்க ஒரு நாள் கூடுதலாக ஆகலாம். அதுவரை சொட்டுச் சொட்டாக வருவது சீம்பால். முதல் நாளில் ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் அளவே குழந்தைக்குப் போதும். பாலை இறக்கிவிடும் ஆக்ஸிடோசினுக்கு வலியும் பயமும் ஆகாது. அதனால் டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைக் குழந்தைக்கு ஆகாது என்று ஒதுக்க வேண்டாம்.

தலைப்பிரசவம் ஆன ஒரு பெண் நினைவுக்கு வருகிறாள். மூன்றாம் நாள் ராத்திரி. குழந்தை வீறிட்டு அழ, மாமியார் பால் பவுடர் டப்பாவைத் திறந்துவிட்டார். அந்தப் பெண்ணை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குப் பின்னால் போர்வையைச் சுருட்டி வைத்தேன். தையலில் கால் படாதபடி குழந்தையை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டேன். வாயை அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடங்க, கவ்விக்கொண்டான். "குடிக்கிறானா சிஸ்டர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மாமியாரைக் கூப்பிட்டுக் காதைக் கிட்டே வைத்துக் கேட்கச் சொன்னேன். "ஆமாடி, முழுங்குறான்!" என்றார் அவர். நான் நூறு தடவை சொல்லியிருந்தாலும் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகியிருக்காது.

வீட்டாருக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஐந்தாம் நாளுக்கு மேல் குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போனால், பெரும்பாலும் பால் போதுகிறது என்று அர்த்தம். அழுகையை வைத்து முடிவு கட்டாதீர்கள். எடை ரொம்பக் குறைந்து, பவுடர் பால் கொடுக்கச் சொல்லி டாக்டரே சொன்னால் கொடுங்கள். அதில் தாய்க்கு ஒரு குறையும் இல்லை.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் சுமார் 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் 64. இத்தனை பேரை அறுத்துப் பிள்ளை எடுக்கிற இடங்களில், பாலூட்டக் கற்றுக்கொடுக்க அரைமணி நேரம் கட்டிலோரம் உட்கார ஒரு செவிலியர் இல்லை என்பது எனக்கு ஆறவே ஆறாத வருத்தம். கணவரையோ அம்மாவையோ இரவிலும் கூடவே இருக்க விட வேண்டும். குழந்தையைத் தூக்கிக் கொடுக்கவும், ஏப்பம் விட வைக்கவும், துணி மாற்றவும் அந்தப் பெண்ணால் முதல் சில நாட்கள் தனியாக முடியாது. பாலூட்ட உதவும் செவிலியரைப் பகலில் மட்டும் போட்டுப் பயனில்லை. பவுடர் டப்பாக்கள் திறக்கப்படுவது பெரும்பாலும் ராத்திரி ஷிஃப்டில்தான்.