வடம் பலர் கையில். கட்டை யார் கையில்?

இன்று பல கழகங்களின் ஆண்டு மலர்கள் கூகுள் டாக்ஸ் போன்ற கூட்டுத் தொகுப்பு மென்பொருள்களில்தான் உருவாகின்றன. ஒரே கோப்பில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் எழுதலாம். மகிழ்ச்சிக்குரியதே! ஆனால், அக்கோப்பின் பொது அமைப்புகள் யார் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பதை நாம் சிந்தித்ததுண்டா?

திரையைப் பெரிதாக்கிப் பார்ப்பது அவரவர் விருப்பம். அது பிறரைப் பாதிக்காது. தாளின் அளவும் ஓர இடைவெளியும் அப்படியல்ல. ஒருவர் மாற்றினால் அனைவருக்கும் மாறும். பக்க எண்கள் குலையும். அதுமட்டுமன்று, உரிமையாளர் தடுத்தாலன்றி, திருத்தும் உரிமை பெற்ற எவரும் கோப்பை வேறு யாருக்கும் திறந்துவிடலாம்.

“எல்லாரும் நண்பர்கள்தானே, அனைவருக்கும் முழு உரிமை கொடுத்தால் என்ன?” என்று சிலர் கேட்கலாம். தேர்த் திருவிழாவை எண்ணிப் பாருங்கள். வடத்தை ஊரே பிடித்து இழுக்கும். சக்கரத்திற்குக் கட்டை கொடுத்துத் தேரைத் திருப்புபவர்கள் ஒரு சிலரே. எல்லாரும் கட்டை போடத் தொடங்கினால் தேர் தெருமுனையைத் தாண்டுமா?

அதற்காக, கோப்பை முதலில் திறந்தவரே எல்லாவற்றையும் முடிவு செய்வதும் நியாயமன்று. அவரைக் கழகம் தேர்ந்தெடுக்கவில்லை. பொத்தானை முதலில் அழுத்தினார், அவ்வளவே. அவர் பட்டம் பெற்றுச் சென்ற பின் பல்கலைக்கழகம் அவருடைய கணக்கை நீக்கினால், உரிமை மாற்றப்படாத கோப்புகளும் அதனோடு அழிந்துவிடக்கூடும். பலருடைய உழைப்பு ஒருவரின் கடவுச்சொல்லில் தொங்கலாமா?

ஆகவே, உரிமை ஆளுக்கன்றிப் பதவிக்கு உரியதாக வேண்டும். கழகத்தின் பெயரிலான கணக்கே கோப்பின் உரிமையாளராக இருக்கட்டும். தாள் அளவு, எழுத்துரு, பகிர்வு ஆகியவற்றைச் செயலவை தன் முதல் கூட்டத்திலேயே முடிவு செய்து கூட்டக் குறிப்பில் பதியட்டும். பக்க அமைப்பு தொடங்கியதும் ஆசிரியர், துணையாசிரியர் இருவர் மட்டும் திருத்தும் உரிமை வைத்திருக்கட்டும். மற்றவர்களுக்குக் கருத்துரைக்கும் உரிமை போதும். அதைக் கொண்டே அவர்கள் திருத்தங்களைப் பரிந்துரைக்கலாம், எவர் குரலும் அடங்கிப் போகாது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்குப் புத்தகத்தோடு இக்கணக்கின் கடவுச்சொல்லும் கைமாற வேண்டும்.

முன்னாள் மாணவர்களே, உங்கள் கணக்கில் பழைய மலரின் கோப்பு ஏதும் உறங்குகிறதா? உரிமையை மாற்ற இயலாவிட்டால், ஒரு நகலையாவது கழகத்திற்கு இன்றே அனுப்பி வையுங்கள். அடுத்து வரும் தம்பி தங்கைகள் உங்களை நன்றியோடு நினைப்பார்கள்.